ராத்தாவின் செட்டி மேடையேறிய நாள்

கூட்டம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கோதுமை மாவில் காய்ச்சிய பசையின் மணம்தான் வரும். இப்போது மண்டபம் வேண்டுமென்றால் ஒரு போன் அடித்தால் போதும். கதிரைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, முதுகில் நாடா கட்டி, குளிரூட்டியும் போட்டுத் தந்துவிடுகிறார்கள். நம் சின்ன வயதில் வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் வருகிறார் என்றால் ஊரையே கொஞ்சம் கழற்றிக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் பூட்டவேண்டும். ஒரு வீட்டு மேசை, இன்னொரு வீட்டு மேசைவிரிப்பு, வேறொரு வீட்டுப் பூச்சாடி. நல்ல கண்ணாடிக் கிளாசுகள் யார் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும். நீங்களும் தூக்கியிருப்பீர்கள், நானும் தூக்கியிருக்கிறேன்.

அப்படித் தூக்கிக் கொண்டுபோன ஒரு சாமானைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். இத்தனை காலம் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது, கொலையா களவா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. வயது போகப் போக வெட்கம் தேயும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். மாரிப்போக அறுவடை முடிந்து, சூடடித்த நெல் வீட்டுக்கு வந்திருந்த காலம். வாப்பாவை ஊரில் போடியார் என்பார்கள். வயற்காணி வைத்திருப்பவர்களுக்கு நம் பக்கத்தில் அந்தப் பெயர்தான். பெரிய போடியார்களும் இருந்தார்கள், எங்கள் வாப்பாவைப் போலச் சின்னப் போடியார்களும் இருந்தார்கள். அந்த வருடம் வாப்பா இன்னும் சின்னதாகிப் போயிருந்தார். ராத்தாவுக்கு வீடு கட்டுவதற்காக, நன்றாகத் தண்ணீர் பாயும் காணி ஒன்றை விற்றிருந்தார்.

ராத்தா என் மூத்த சகோதரி. வீட்டில் நாங்கள் இருவர்தான். நம் ஊர் வழக்கத்தைச் சொன்னால் தூரத்து ஊர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். இங்கே பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருக்கிறான். அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் கட்டிக் கொடுக்கவேண்டும். அதுதான் சீதனம். பெண்பிள்ளை பிறந்ததும் தகப்பன் கல்லையும் சீமெந்தையும் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவான். 'கொமரு காரியம்' என்று நம்மவர்கள் பெருமூச்சோடு சொல்வது வீடு கட்டும் வேலையைத்தான்.

ராத்தாவின் வீடு எங்கள் பழைய வீட்டுக்கு முன்னால், தெருவைப் பார்த்தபடி எழும்பியது. சிவப்புச் சீமெந்துத் தரை. முகம் பார்க்கலாம். அதில் நான் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டேன். புதுச் சுண்ணாம்பின் வாசத்தோடு கதவுகளின் வார்னிஷ் வாசமும் சேர்ந்து, உள்ளே போனால் கொஞ்சம் தலை சுற்றும். வீடு முடிந்ததும் சாமான்கள் வந்தன. கட்டில், கண்ணாடி வைத்த அலுமாரி, மேசைக் காற்றாடி. கடைசியாக வந்தது செட்டி.

செட்டி என்றால் மூன்று பேர் இருக்கக்கூடிய நீளமான ஒன்றும், ஒற்றை இருக்கைகள் இரண்டும். காரைதீவுத் தச்சர் தேக்கில் செய்தது. கைப்பிடியின் நுனியில் ஒரு பூ செதுக்கியிருந்தார். மெத்தைகள் கொழும்பிலிருந்து வந்தன. மாதுளம்பழச் சிவப்பு, தொட்டால் பூனையின் முதுகைத் தடவுவது போலிருக்கும். அந்த நாளில் ஊரில் வாத்தியார்மார் வீட்டில் கூடப் பிரம்புக் கதிரைதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். உம்மா பொலித்தீனைக் கழற்றவில்லை.

"மாப்புள இரிக்க முந்தி இதில ஒருத்தரும் இரிக்கப்படாது" என்று உம்மா சட்டம் போட்டிருந்தா. உம்மா இல்லாத நேரம் பார்த்து வந்து, பொலித்தீனுக்கு மேலால் ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்ப்பேன். அவ்வளவுதான் என் துணிச்சல்.

மாப்பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்து அதிபரின் மகன். புதிதாக நியமனம் கிடைத்த வாத்தியார். நான் அவரை மச்சான் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன், அவர் சிரிப்பார். ராத்தாவுக்கு மச்சானைப் பிடித்திருந்தது. சொல்லமாட்டா. ஆனால் மச்சானின் சைக்கிள் மணி தெருவில் கேட்டால் தைத்துக்கொண்டிருக்கும் ஊசி நின்றுவிடும். அறுவடை முடிய காவின் எழுதிக் கலியாணத்தை முடிப்பது என்று இரு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்துக்குப் புது மண்டபம் கட்டி முடிந்தது. அதிபருக்கு எதையும் சிறிதாகச் செய்து பழக்கமில்லை. திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பேச்சாளரைப் பிடித்துவிட்டார். அவர் சட்டத்தரணி. வானொலியில் அவருடைய குரலை ஊரே கேட்டிருந்தது. அவர் பேசினால் கல்லும் அழும் என்று வாப்பா சொன்னார். பெண் கல்வி என்பது அவருக்குக் கொடுத்த தலைப்பு.

பிறகு இரண்டு கிழமை படிப்பு நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் அலுமினியச் சட்டிகளில் கடற்கரை மணலை அள்ளிவந்து முற்றத்தில் கொட்ட, நாங்கள் ஈர்க்கு விளக்குமாற்றால் பரப்பினோம். வர்ணக் கடதாசியை முக்கோணமாக வெட்டி, நூலில் ஒட்டி, கொடி செய்தோம். பசை விரலில் காய்ந்து தோலோடு உரிந்து வரும். சுவர்களுக்கு வெள்ளையடித்து ஈரம் காயவில்லை. அதில் சாய்ந்து எழும்பியவர்களின் முதுகெல்லாம் வெள்ளை. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் உம்மா முற்றத்திலேயே நிறுத்தித் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவா.

மண்டபத்துக்குக் கூரை இருந்தது, உள்கூரை இல்லை. ஓடும் சலாகையும் தெரிவது அதிபருக்குப் பிடிக்கவில்லை. கலியாண வீட்டில் கட்டுவது போலச் சாரி கட்டலாம் என்றார். வீடு வீடாகப் போய் நாங்கள்தான் சாரி வாங்கி வந்தோம். அலுமாரிக்குள் போடும் பூச்சி உருண்டையின் வாசம் அன்றைக்கு மண்டபம் முழுக்க அடித்தது. ஏணியில் ஏறிக் கட்டியவர் மச்சான். என்னைக் கீழே நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல, "உங்கட ராத்தாட சாரி எது?" என்று கேட்டார். நான் இளம்பச்சையைக் காட்டினேன். அதை மேடைக்கு நேர் மேலே கட்டினார். இதை ராத்தாவிடம் போய்ச் சொன்னேன். "உனக்கு வேற வேல இல்லையா" என்று ஏசினா. பிறகு, "எவடத்த கட்டினவர்?" என்று மெல்லக் கேட்டா.

எல்லாம் ஆயிற்று, பேச்சாளர் உட்கார ஓர் இருக்கை இல்லை. அதாவது கதிரைகள் இருந்தன. ஆனால் முந்திய வருடம் வந்த கல்விப் பெரியவர் ஒருவரின் காற்சட்டையைப் பள்ளிக்கூடத்துக் கதிரை ஆணி பிடித்துக்கொண்டது. அவர் எழும்பும்போது அது கிழிந்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அதிபர் அதை மறக்கவேயில்லை. ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வாப்பாவோடு எங்கள் முற்றத்துக்கு வந்தார்.

"போடியார், கொழும்பு ஆள். பாவிச்ச கதிரையில இரித்தினா நம்மட ஊருக்குத்தான் அவமானம்" என்றார். சொல்லிக்கொண்டே புது வீட்டின் திறந்த கதவுக்குள் பார்த்தார்.

வாப்பாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அதுக்கென்ன சேர், செட்டி சும்மாதானே கிடக்கு. கொண்டு போங்க."

அதிபர் போன பிறகு உம்மா வெளியே வந்தா. "என்ன செஞ்சிட்டு நிக்கிறீங்க? மாப்புள இரிக்க முந்தி ஆரோ ஒருத்தர் வந்து இரிக்கிறதா?"

"ஆரோ ஒருத்தரா? மாப்புளட வாப்பாதானே கேக்கிறாரு. அவருக்கு இல்லாத உரிமையா?"

"கலியாணத்துக்குப் பொறகு கேட்டா உரிமை. இப்ப கேக்கிறது…" உம்மா முடிக்கவில்லை.

"கொமருக்குப் பேசி வெச்ச இடம். ஒரு செட்டிக்காக முகத்த முறிக்கச் சொல்றியா?" என்றார் வாப்பா. அத்தோடு அந்தக் கதை முடிந்தது. வாப்பா பெருந்தன்மையோடுதான் கொடுத்தார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் தன் சாமான் மேடையில் இருப்பதை ஊர் பார்க்கட்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது. இப்போது எனக்கு அது நன்றாகத் தெரிகிறது.

செட்டியை உழவு மெசினுக்குப் பின்னால் இழுக்கும் பெட்டியில் ஏற்றினார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் கிட்டிய பாதை இருந்தது. வாப்பா பெரிய தெருவால் கொண்டுபோகச் சொன்னார். வேலிகளுக்கு மேலால் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தேநீர்க்கடையில் இருந்தவர்கள் எழும்பி வந்தார்கள். "போடியார்ட மகள்ட சீதனம் போகுது" என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். நான் பெட்டிக்குள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். ராணி போல இருந்தது. மண்டபத்தில் அதிபர் தன் கையாலேயே பொலித்தீனைக் கிழித்துக் கழற்றினார்.

விழா நாளில் நான் வரவேற்புப் பாட்டுக்கு நிற்கும் பிள்ளைகளில் ஒருத்தி. மேடையின் ஓரத்தில், செட்டிக்குக் கை எட்டும் தூரத்தில் எங்களை நிறுத்தியிருந்தார்கள். வாப்பா முன்வரிசையில். உம்மாவும் ராத்தாவும் மற்றப் பெண்களோடு, வெள்ளைத் துணி கட்டி மறைத்த பக்கத்தில். ராத்தா வரமாட்டேன் என்றுதான் சொன்னா, பேசி முடித்த பெண் அங்கெல்லாம் போகக்கூடாது என்று. அதிபரின் வீட்டிலிருந்தே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

பேச்சாளர் வந்தார். மெலிந்த ஆள். வெள்ளை உடுப்பு, மூக்குக் கண்ணாடி. வானொலியில் கேட்ட குரலுக்கு இவ்வளவு சின்ன உடம்பா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நடுவில் பெரிய செட்டியில் அவர் இருந்தார். மெத்தை அவரை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டது. நான் திரையைப் பார்த்தேன். உம்மாவின் முகம் அங்கிருந்து தெரியாது, ஆனாலும் பார்த்தேன்.

நாங்கள் பாடி முடித்ததும், தலைவருரை தொடங்கும் முன், பேச்சாளர் கைப்பிடியிலிருந்த பூவைத் தடவிக்கொண்டு அதிபரிடம் குனிந்து கேட்டார். "அருமையான வேலைப்பாடு. பாடசாலைக்குச் சொந்தமானதா?"

அதிபர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த பெருமையை நான் எப்படிச் சொல்ல? "இல்ல சேர். நம்மட மகனுக்குப் பேசின இடத்தால வந்த சீதனச் சாமான். ஊடு இன்னும் அழகு. மறுகா சாப்பாட்டுக்கு அங்கதான் போறம்."

பேச்சாளரின் கை பூவிலிருந்து எடுபட்டது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு முதுகைச் சாய்க்கவேயில்லை.

அவர் பேச எழும்பியபோது பெண் கல்வியில்தான் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் குரல் மாறியது. பெண்ணைப் படிக்க வைக்கப் பணமில்லை என்கிற தகப்பன் வீடு கட்ட வயலை விற்பது ஏன் என்று கேட்டார். பெண்ணுக்கு மஹர் கொடுத்து மணக்கச் சொன்ன மார்க்கத்தில் பிறந்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். ஒலிபெருக்கிக் குழாய் வழியாக அது கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். வாப்பா சொன்னது சரிதான், கல்லும் அழும். முன்வரிசையில் வாப்பாவே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு பேச்சாளர் திரும்பி, செட்டியைக் கையால் காட்டினார்.

"இதோ இந்த ஆசனம். இதில் ஒரு தகப்பனின் வயல் இருக்கிறது. ஒரு தாயின் நகை இருக்கிறது. எனக்கு இதைக் கௌரவம் என்று எண்ணிப் போட்டிருக்கிறார்கள். நான் அறியாமல் இருந்துவிட்டேன். இனி இருக்கமாட்டேன். எனக்கு வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் மர வாங்கு ஒன்று கொண்டுவாருங்கள்."

மெசினின் பெட்டியில் ஏற்றிப் பெரிய தெருவால் கொண்டுவந்த செட்டி அது. யாருடையது என்று தெரியாதவர் அந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை. முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாக வாப்பாவின் பக்கம் திரும்பின. திரைக்கு அந்தப் பக்கத்தில் முணுமுணுப்பு எழும்பியது. அங்கே யாரைப் பார்த்தார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. நான் போட்டிருந்த புதுச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. இதை நான் இத்தனை வருடமாக எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் வயலை விற்றவருக்கு முன்னால் வைத்து, விற்கப்பட்ட வயலைக் காட்டி, அவரையே குனியவைத்தார். வாங்கப்போகிற அதிபரோ மேடையில் தலைவர் கதிரையில் இருந்தார்.

வாங்கு வந்தது. பேச்சாளர் அதில் போய் இருக்கவில்லை, இன்னும் பேசினார். "இந்தச் சபையில் சீதனம் வாங்காமல் மணம் முடிப்பேன் என்று சொல்லக்கூடிய இளைஞர் ஒருவராவது இருந்தால் எழுந்து நில்லுங்கள்" என்றார்.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து மச்சான் எழும்பினார். முகம் சிவந்திருந்தது. "நான் வாங்கமாட்டன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அவர் அதை முழு மனதோடு சொன்னார் என்பதற்கு அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நானே சாட்சி. அவரைப் பார்த்து இன்னொருவர், இன்னும் சிலர் எழும்பினார்கள். யாரோ தக்பீர் சொல்ல, கூரைச் சாரிகள் அதிர "அல்லாஹு அக்பர்" என்று சபை முழங்கியது. வாப்பாவும் எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு முழங்கினார்.

அதிபர் மட்டும் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். செட்டி கடைசிவரை மேடையின் நடுவில் வெறுமையாகவே கிடந்தது. பேச்சாளர் சாப்பிடவும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. உம்மா அறுத்துச் சமைத்து வைத்திருந்த சேவல் இறைச்சியை மறுநாளும் நாங்களே சாப்பிட்டோம்.

அன்று மாலை செட்டி கிட்டிய பாதையால் திரும்பி வந்தது. ஆனாலும் வீட்டில் சந்தோஷம்தான். வாப்பா முற்றத்தில் நின்றபடி, "புள்ளயெண்டா அதுதான் புள்ள! சபைக்கு நடுவில எழும்பிச் சொன்னானே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ராத்தா அடுக்களைக்குள் ஒளிந்திருந்தா. அழுதிருந்தா, ஆனால் சிரிப்பு அடங்கவில்லை. சீதனத்துக்காக இல்லாமல் தனக்காகவே ஒருவர் வருகிறார் என்று நினைத்திருக்கவேண்டும். பத்தொன்பது வயதில் வேறு எப்படி நினைப்பது?

பள்ளிக்கூடத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷமில்லை. பிள்ளைகளுக்குப் புது விளையாட்டு ஒன்று கிடைத்திருந்தது. நான் இருக்கும் வாங்கில் வந்து இருந்துவிட்டு, துள்ளி எழும்பி, "நான் அறியாமல் இருந்துவிட்டேன், இனி இருக்கமாட்டேன்" என்று பேச்சாளரின் குரலில் சொல்வார்கள். வகுப்பே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்துப் பார்த்தேன். அப்படியும் நிற்கவில்லை. உங்களில் சிலரும் அந்த வகுப்பில் இருந்தீர்கள். கோபமில்லை, சொல்லிவைக்கிறேன்.

மச்சானின் சைக்கிள் எங்கள் தெருவால் வருவது நின்றது. வெட்கப்படுகிறார் என்றார் வாப்பா. ஒரு கிழமை போய், இன்னொரு கிழமையும் போன பிறகு அதிபர் வந்தார். புது வீட்டுக்குள் வரச் சொன்னோம். வரவில்லை. பழைய வீட்டின் வெளிவிறாந்தையில் பிரம்புக் கதிரையில் இருந்தார்.

"போடியார், மகன் சபையில சொல்லிட்டான்."

"ஓம் சேர். கேட்டு எனக்குக் கண் கலங்கிட்டு."

"இனி அந்த ஊட்ட எடுத்தா ஊர் சிரிக்கும்."

"எடுக்கத் தேவல்ல சேர். ஊடு என்ட மகள்ட பேரிலயே கிடக்கட்டும். அவட ஊட்டுக்கு அவட மாப்புள வந்து இரிக்கிறாரு. இதில என்ன சீதனம்?"

"ஊர் அதைத்தானே சீதனம் எண்டு சொல்ற."

வாப்பா யோசித்தார். "அப்ப உங்கட ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்குச் சம்மதம்."

அதிபர் தரையைப் பார்த்தார். "என்ட ஊடு மூத்த மகளுக்குப் பேசி முடிஞ்சது. மருமகன் வந்து இரிக்கிற ஊட்டில, மகனையும் பொண்டாட்டியையும் எவடத்த வெக்கிற?"

"வாடகைக்கு ஒரு ஊடு…"

"அதிபர்ட மகன் வாடக ஊட்டில குடும்பம் நடத்துறதா? அதுக்கும் ஊர் சிரிக்கும்."

கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. ஆண்கள் பேசும்போது உம்மா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அப்ப என்ட புள்ள எவடத்த போற?"

அதிபர் "கொஞ்சம் போகட்டும். ஊர் மறக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

பாருங்கள், யாரும் கெட்டவர் இல்லை. வீட்டை வாங்கினால் வாக்குத் தவறும். வாங்காவிட்டால் தங்க ஓர் இடமில்லை, ஏனென்றால் மச்சான் பிறந்த வீடு அவருடைய சகோதரிக்குச் சீதனம். கட்டி முடித்துச் சாமானும் போட்ட வீடு ஒன்று நடுவில் சும்மா நின்றது. மச்சான் அன்றைக்கு எழும்பாமல் இருந்திருந்தால் ராத்தா இந்நேரம் பேரப்பிள்ளைகளோடு இருந்திருப்பா. நல்லது செய்ய எழும்பியவரைப் பார்த்து, ஏன் எழும்பினாய் என்று ஏங்கவேண்டிவந்ததே, அதை நினைத்தாலும் எனக்கு வெட்கம்தான்.

ஊர் மறக்கவில்லை. மற்றக் காரியங்களை மறப்பது போல இதையும் மறந்திருக்கலாம், ஆனால் கதை அவ்வளவு நன்றாக இருந்தது. ராத்தாவுக்கே 'செட்டிப் புள்ள' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதிபர் பிறகு வரவில்லை. ஒன்றரை வருடமளவில் மச்சானுக்குப் பொத்துவிலில் கலியாணம் நடந்தது. வீடும் தென்னந்தோட்டமும் கொடுத்தார்களாம். பொத்துவிலில் அந்தப் பேச்சை யாரும் கேட்டிருக்கவில்லை. அன்று எழும்பி நின்ற மற்றவர்களுக்கும் வீடுகள் கிடைத்தன. செய்தி வந்த அன்று ராத்தா செட்டியின் மெத்தை உறைகளைக் கழற்றித் துவைத்துக் காயப் போட்டா. அதில் அழுக்கு எதுவும் இருக்கவில்லை.

வாப்பா மௌத்தாகும் வரைக்கும் அதிபரையோ மச்சானையோ குறை சொல்லவில்லை. "அந்தாள் நல்லாத்தான் பேசினாரு" என்பார். செட்டியைப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டார். மண்டபத்தில் எத்தனையோ பிரமுகர்கள் அதில் இருந்து பேசிப் போனார்கள். ஊருக்குள் கடல் வந்த அன்று மண்டபத்தோடு அதுவும் போயிற்று. அதற்காக யாரும் அழவில்லை. அழுவதற்கு எங்களுக்கு ஆட்கள் இருந்தார்கள்.

ராத்தாவுக்கு வேறு இடங்கள் வந்தன, தட்டிப்போயின. பிறகு வரவேயில்லை. அதற்குள் எனக்கு வயது வந்துவிட்டது. என்னைக் கேட்டு வந்தவர்கள் நல்ல குடும்பம். வீடு இருக்கிறதா என்று கேட்டார்கள். வாப்பாவிடம் விற்க இன்னொரு காணி இருக்கவில்லை. உம்மா படுத்துவிட்டா. வாப்பா ராத்தாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வயலில் போய் இருந்துகொண்டார்.

ராத்தாதான் கதையைத் தொடங்கினா. சோறு போட்டுக்கொண்டிருந்தா. "தங்கச்சிட பேருக்கு ஊட்ட எழுதுங்க வாப்பா. ரெண்டு பேரும் இரிந்து என்ன செய்யிற? ஒராளாவது குடும்பமா இரிக்கட்டும்" என்றா. வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்து கொண்டேன். மனதுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபது வயது, என்ன செய்வது. என் கலியாணத்துக்கு வீட்டை அலங்கரித்ததும் ராத்தாதான். மணவறைக்குச் சாரி கட்டினா, கதவுக்குப் புது வார்னிஷ் அடித்தா.

என் பிள்ளைகள் அந்தச் சிவப்புத் தரையில்தான் தவழ்ந்தார்கள். அவர்களை வளர்த்ததில் பாதி ராத்தா. என் கணவர் நல்ல மனிதர், ராத்தாவை ஒரு நாளும் மனம் நோகப் பேசியதில்லை. அவர் போய் நாலைந்து வருடமாகிறது. இப்போது நானும் ராத்தாவும்தான். அவவுக்குப் பின் அறை. முன் அறையை எடுத்துக்கொள்ளச் சொல்லி எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். பின் அறையில்தான் காற்று கூடுதல் என்று சொல்லி மறுத்துவிடுவா.

போன பெருநாளன்று பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் வட்டிலப்பம் கொண்டுவந்தாள். சின்னப் பெண், கைக்குழந்தையோடு. ராத்தா முன்னால் இருந்தா. பெண் சுற்றிப் பார்த்துவிட்டு, "பழைய காலத்துக் கட்டிடம் எண்டாலும் நல்ல குளிர்ச்சி மாமி. இது உங்கட ஊடா?" என்று கேட்டாள்.

"இல்ல மகள்" என்றா ராத்தா. "இது தங்கச்சிட ஊடு. எனக்குப் போக இடமில்ல, அவ வெச்சிரிக்கா."

அதில் மனக்குறை ஒன்றும் இருக்கவில்லை. என்னைப் புகழ்ந்துதான் சொன்னா. நான் அங்கேயே, இருவருக்கும் நடுவில் நின்று வட்டிலப்பத்தை எங்கள் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றி முடித்தேன். வந்த பாத்திரத்தைக் கழுவித் துடைத்தேன். வெறுமையாக அனுப்பக்கூடாது என்று அதில் நாலு வாழைப்பழம் வைத்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். இது ராத்தாவின் வீடு என்று அன்றைக்கும் நான் சொல்லவில்லை.